முட்டிக் கவசம் தேடிய மழைக்காலம்

மைசூரில் நான் குடியிருந்த அடுக்ககத்துக்குப் பின்புறம், கட்டட வேலை முடிந்தும் யாரும் அள்ளிப்போகாத ஜல்லிக் குவியல் ஒன்று கிடந்தது. மார்கழிப் பனி தரையோடு படுத்திருந்த ஒரு விடியலில், பால் பாக்கெட் எடுக்க வந்தவள், அந்த ஜல்லியின் மேல் ஒரு பெண்மணி முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அவர் பனியில் கரைந்துபோயிருந்தார். மேல் பாதி மட்டும் தண்ணீரில் மிதப்பது போல மெல்ல அசைந்து போனது. தோடோ மோதிரமோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து அருகே போனேன்.

“என்ன மேடம் தேடறீங்க? நானும் பாக்கட்டுமா?”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “எதுவும் தேடலீங்க. முட்டிக்குப் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கேன். கல்லு உறைக்குதான்னு பாக்கறேன்.”

முட்டிகளில் கறுப்பாக, தடிமனாக, ஆமை ஓடு போல ஏதோ மாட்டியிருந்தார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வயதில் ஒருத்தி ஜல்லியில் தவழ்ந்து நான் பார்த்ததில்லை. “உறைக்குதா?” என்று கேட்டேன்.

“உறைக்கலீங்க. ஆனா வலது பக்கம் நழுவுது. திருப்பி அனுப்பிரணும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார்.

பட்டு வளர்ச்சித் துறையில் வேலை பார்த்தார். கன்னடத்தில் ரேஷ்மெ என்றால் பட்டு. அதனால் அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவர் ‘ரேஷ்மெ மேடம்’தான். அவருடைய சொந்தப் பெயர் தபால்பெட்டியில் எழுதியிருந்தது. நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, காவிரியில் வந்து சேருகிற சின்னப் பாலாற்றுக்கு அருகே, கோபிநத்தத்தில் பிறந்தவர். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகள். வீட்டின் நடு ஹாலில், மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில், ஒரு சைக்கிளைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். தடித்த டயர்களும், குழியில் இறங்கினால் அமுங்கிக்கொடுக்கிற முன்கம்பிகளுமாக, ரோடு இல்லாத இடங்களுக்காகவே செய்த வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு சாமுண்டி மலைக்குப் பின்னால் இருக்கிற மண்தடங்களுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது செம்மண் பூசிய உருவமாக வருவார். படியெல்லாம் மண் என்று கீழ்வீட்டு அம்மா முணுமுணுப்பார். இவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, மண்ணோடு மண்ணாக நின்று, தானே பெருக்கிவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வழக்கம் என்பதைவிட, எல்லோரிடமும் இருக்கிற ஒன்று அவரிடம் இல்லாமல் இருந்தது. அவர் யாரிடமும் ‘பாத்து’ என்று சொல்லமாட்டார். பாத்துப் போ, பாத்து இறங்கு, பாத்து ஓட்டு என்று நாம் ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! அடுக்ககத்துக் குழந்தைகள் படிகளில் தடதடவென்று இறங்கும்போது, ஒவ்வொரு வாசலிலிருந்தும் அந்தக் குரல் கேட்கும். இவர் வாசலில் மட்டும் கேட்காது. ஒரு நாள் அவர் தன் வீட்டு முன்னால் இருந்த பூந்தொட்டிகளை, கூரான விளிம்பு படிப்பக்கம் வராதபடி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

“கொஞ்சம் மெதுவா போகச் சொல்லக்கூடாதா மேடம்?” என்றேன்.

“சொன்னா மெதுவாவா போவாங்க? பயந்துட்டு ஓடுவாங்க. பயந்துட்டு ஓடறவந்தானுங்க கண்டபடி உழுகறவன்.” தொட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். “உழுகறது நம்ம கையில இல்லீங்க. எதுமேல உழுகறோம்ங்கறது கொஞ்சூண்டு நம்ம கையில இருக்குது.”

அந்தப் பேச்சு எனக்காகவே சொன்னது போல இருந்தது. அவருக்கு என் கதை அப்போது தெரியாது.

என் அப்பா ரயில்வே வேலையாக ஜோலார்பேட்டையிலிருந்து மைசூர் வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு தனியாள். அம்மா இருந்தபோதே ஒருமுறை ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து என் முட்டிச்சில்லு விரிசல் விட்டது. அம்மாதான் தூக்கினாள், கழுவினாள், ஊட்டினாள். முட்டி சரியாகிவிட்டது. ஆனால் அம்மா போன பிறகு இன்னொரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது: இப்போது விழுந்தால் யார்? ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைக்க யார்? அந்த எண்ணத்தோடு நடந்து நடந்து நான் தரையை மட்டுமே பார்த்து நடக்கிறவளாக ஆகிவிட்டேன். ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகம் கேட்டால், ஏணியில் ஏற மனமில்லாமல், வெளியே போயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். மைசூரின் மரங்கள் பூக்கிற மாதங்களில், பூவைக் கீழே உதிர்ந்த பிறகுதான் பார்ப்பேன்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த முட்டிங்க?”

“இடது.”

உள்ளே போய் டேப் எடுத்துக்கொண்டு வந்து, என் முன்னால் தரையில் உட்கார்ந்து, முட்டிக்கு மேலே தொடையைச் சுற்றி ஒருமுறை, கீழே கெண்டைக்காலைச் சுற்றி ஒருமுறை அளந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்குப் பிறகு யாரும் என் காலைத் தொட்டதில்லை.

“என்கிட்ட சைக்கிளே இல்ல மேடம்,” என்றேன்.

“சைக்கிள் எப்ப வேணா வாங்கிக்கலாமுங்க. மொதல்ல இது.”

இப்படித்தான் அந்த மழைக்காலம் முழுவதும், இல்லாத ஒரு சைக்கிளுக்காக, நாங்கள் முட்டிக் கவசம் தேடினோம்.

ஆன்லைனில் வரவழைப்போம். போட்டுப் பார்ப்போம். திருப்பி அனுப்புவோம். ஒன்று பிளாஸ்டிக் ஓடு வைத்தது. கல்மேல் விழுந்தால் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், நல்லதுதான், ஆனால் மேடம் போட்டுக்கொண்டு மேடு ஏறியபோது ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் அறுத்தது. இன்னொன்று மெல்லிய உறை போலிருந்தது. சுகமாக இருந்தது, ஆனால் வியர்த்ததும் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. மூன்றாவதில் ஒரு பஞ்சு. விரலால் அழுத்தினால் சப்பாத்தி மாவு போலக் குழையும், ஓங்கி அடித்தால் அந்த நொடியில் மட்டும் பலகை போல இறுகும். அவர் அதைச் சமையல் மேடையில் வைத்து, பூரிக்கட்டையால் ஓங்கி அடித்துக் காட்டினார். பிறகு என் கையில் கட்டையைக் கொடுத்தார். நான் அடித்தேன். பிறகு இன்னும் பலமாக அடித்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வேர்க்க விறுவிறுக்க நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பஞ்சு நல்லதுதான், ஆனால் அளவு சரியில்லை. ஒரு சனிக்கிழமை மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில், ஹெல்மெட்டும் கையுறையும் தோரணமாகத் தொங்குகிற கடை. கடைக்காரர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

“நீ பேட் வேணுமா மேடம்?” என்றார்.

முட்டிக் கவசத்தின் ஆங்கிலப் பெயரைத்தான் சொன்னார். ஆனால் கன்னடத்தில் ‘பேட’ என்றால் வேண்டாம். அவர் சொன்ன வேகத்தில், ‘நீ வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, வேணுமா என்றும் கேட்டது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரருக்கும் புரிந்து அவரும் சிரித்தார்.

“யாருக்கு, மகனுக்கா?”

“எனக்கும் இந்தம்மாவுக்குமுங்க.”

“பைக் ஓட்டுறீங்களா?”

“சைக்கிளுங்க. மலையிலருந்து மண்ணுத் தடத்துல கீழ வர்றதுக்கு.”

கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கீழ வர்றதுக்கு எதுக்கு மேடம் மேல போறீங்க?”

“மேல போகாம எப்படீங்க கீழ வர்றது?” என்றார் இவர், நிஜமாகவே யோசித்துவிட்டு.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஒரு ஜோடியை மேடம் என்னை மாட்டிக்கொள்ளச் சொன்னார். செருப்பைக் கழற்றாமலே பின்னால் பட்டையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். முட்டிக்குப் பின்புறம் காற்றுப் போக வலை வைத்திருந்தது. உள்பக்க விளிம்பில் ரப்பர் கோடு ஓடி, தோலைப் பிடித்துக்கொண்டது. “முட்டி போடுங்க,” என்றார். கடைப்படியிலா? ஆட்டோவும் ஸ்கூட்டரும் உரசிக்கொண்டு போகிற சந்திலா? நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, அவரே என் பக்கத்தில், ஈரமான கல்படியில், வெறும் முட்டியோடு மண்டியிட்டார். அதற்கு மேல் நான் எப்படி நிற்பது? நானும் இறங்கினேன். இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் ஹெல்மெட் கடைப்படியில் மண்டியிட்டிருக்க, ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்காமல் நின்றது. கோயிலைக் கடப்பவர் போல அதை ஓட்டியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று இவர் பிறகு சத்தியம் செய்தார். நான் பார்க்கவில்லை. என் இடது முட்டி பல வருஷங்களுக்குப் பிறகு கல்லின் மேல் இருந்தது, அது வலிக்கவில்லை என்பதை மட்டும்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

“வாங்கிரலாமா?” என்றேன்.

“இன்னும் தெரியலீங்க. ஊட்டுக்குக் கொண்டுபோயி போட்டுக்கிட்டே இருங்க. சமைங்க, துணி காயப்போடுங்க, டிவி பாருங்க. போட்டிருக்கறதே மறந்துபோச்சுன்னா அதுதான் உங்களுது.”

திருப்பிக் கொடுப்பதென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, கவசத்தோடு நூலகத்துக்குப் போய், புடவைக்குள் அது இருப்பதை மத்தியானம்தான் உணர்ந்தேன். அதற்குள் ஏணியில் ஏறி இறங்கியிருந்தேன்.

சைக்கிள் வாங்கியது தைமாதம். மலைக்குப் பின்னால் போனோம். நீலகிரி மரங்கள் வெளிறிய தண்டுகளோடு பனிக்குள் நின்றன. உண்ணிச்செடிப் புதருக்கு நடுவே செம்மண் தடம் ஒன்று வளைந்து வளைந்து கீழே போய் எங்கோ மறைந்தது. அவர் முன்னால் போனார். முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். காற்று காதுக்குள் புகுந்து எல்லாச் சத்தத்தையும் அழித்தது. ஒரு மயில் தடத்தைக் கடந்து போனது, அவசரமே இல்லாமல். நான் அதைப் பார்த்தேன். தரையைப் பார்க்காமல் மயிலைப் பார்த்தேன். அடுத்த கணம் முன்சக்கரம் ஒரு வேரில் ஏறித் திரும்பியது.

விழுந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெதுவாக விழுந்தேன். முட்டி தரையில் மோதிய சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ மூட்டையை இறக்கியது போலக் கேட்டது. பிறகு சரிந்து மல்லாந்து கிடந்தேன். அவர் வண்டியைச் சாய்த்துவிட்டு ஏறி வருவது கேட்டது. தூக்குவார் என்று நினைத்தேன். தூக்கவில்லை. கை கால்களை ஒருமுறை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் அவரும் படுத்துக்கொண்டார்.

“மேல என்னங்க தெரியுது?”

“மேகம்.”

“எனக்கும்.”

மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். நான் அழுதேன் என்று நினைக்கிறேன், ஆனால் அது துக்கம் இல்லை. யாரும் வராமல் நானே எழுந்து உட்காரலாம் என்று தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

இவ்வளவு பிடித்துப்போன ஒருவரிடமிருந்து நான் விலகி நின்ற நாளும் உண்டு.

அவருடைய மகள் ஒருவனை விரும்பினாள். பெங்களூரில் வேலை, நன்றாகப் பேசுவான். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தான். அவன் போன பிறகு இவர் என்னிடம், “கோவக்காரனுங்க. தண்ணி டம்ளர வெச்சதுலயே தெரியுது,” என்றார். மகளிடம் அதைச் சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது. மகள் கிளம்பிய அன்று, இந்த வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து அவள் கையில் வைத்தார். “எப்ப வந்தாலும் பெல் அடிக்க வேண்டாங்கண்ணு. நேரா உள்ள வந்துரு.” புதுப்பெண்ணுக்கு அம்மா கொடுக்கிற பொருளா அது என்று எனக்குத் தோன்றியது.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியான வேளை, எனக்கு மேல்மாடியில், அவர் வீட்டுக் கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு பெட்டியோடு மகள் வந்துவிட்டாள். கன்னத்தில் இருந்ததை பவுடர் பூசி மறைத்திருந்தாள்.

ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். நான் காபி கொண்டு போனபோது அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“தெரிஞ்சே எதுக்கு உட்ட?” என்றார் அண்ணன். “வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ள கேட்டிருக்குமில்ல?”

“கேட்டிருக்கும்ணா. எனக்காவ இங்கயே உக்காந்திருக்கும். உக்காந்துட்டு, போயிருந்தா நல்லாருந்திருப்பமோன்னு காலம் பூரா நெனச்சிட்டிருக்கும்.”

“அதுக்காவ அடிவாங்கட்டும்னு உடுவியா? நீயெல்லாம் ஒரு தாயா?”

இவர் காபி டம்ளரை அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்தார். “சாவி குடுத்து உட்டனேண்ணா,” என்றார்.

அண்ணன் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. குழி இருப்பது தெரிந்தும் கத்தாமல் நிற்பது என்ன பிரியம்? அன்று முதல் சில வாரம் நான் அவரோடு மலைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு நாள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் படியேறும்போது அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மகள் விழித்தால் பார்த்துவிடுவாள் என்றுதான் அப்படி அமுக்கியிருந்தார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு என்னையும் மகளையும் ஊருக்குக் கூட்டிப் போனார். இரண்டு சைக்கிளையும் வாடகைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு போனோம். கோபிநத்தத்தில் அண்ணன் வீடு. சோளக்காட்டைத் தாண்டி, காவிரிப் பக்கம் இறங்குகிற வண்டித்தடம். அவர் சின்ன வயதில் ஓடி இறங்கிய தடமாம். காலை வெயில் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் எனக்கு முன்னால் நிழல்போல இறங்கிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. அவர் வண்டியை ஒடித்தார். பக்கவாட்டில், இடுப்பு ஒரு பாறை விளிம்பில் படும்படி விழுந்தார்.

நான் ஓடிப்போனபோது கண் திறந்திருந்தது. முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வலது கால் இயற்கையில்லாத விதத்தில் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முட்டிக் கவசம் இரண்டும் இருக்க வேண்டிய இடத்திலேயே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அதுபாட்டுக்கு நல்லாத்தான் இருக்குது பாருங்க,” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அண்ணனின் பிக்கப் வண்டியில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தோம். மகள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்று பயந்துகொண்டிருந்த நான், அன்று கைக்குட்டையை நனைத்து நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டே மைசூர் வரை வந்தேன்.

தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவர் நடக்கவில்லை. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் உடம்பெல்லாம் வியர்த்துவிடும். வாக்கரை முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள். மகள் அழுது பார்த்தாள்.

நானும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்கதானே சொல்வீங்க, விழறது நம்ம கையில...” என்று ஆரம்பித்தேன்.

“வேண்டாமுங்க.” அவர் குரல் அப்படி வெட்டி நான் கேட்டதில்லை. “என்ற பேச்ச எனக்கே திருப்பிக் குடுக்காதீங்க. அது நல்லாருந்தப்ப பேசுனது.”

அதற்குப் பிறகு நாங்கள் நடப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன். ஜன்னல் வழியே மலை தெரியும். இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்போம்.

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. அண்ணன் வந்து அவரை ஊருக்கு அழைத்துப் போனார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். மகளுக்கு மைசூரிலேயே வேலை கிடைத்து, வேலை செய்கிற பெண்களுக்கான விடுதிக்குப் போனாள். மேல்மாடிக்கு வேறு குடும்பம் வந்து, ஹாலில் டிவி வைத்தது.

புரட்டாசியில் மகள் போன் செய்தாள். “ஆன்ட்டி, அம்மா உங்கள வரச் சொல்றாங்க. சைக்கிளோட வரணுமாம்.”

போனேன். இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்து, சோளக்காட்டு ஓரத்தில், புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கைத்தடி மடியில் கிடந்தது. இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கீழே காவிரி அகலமாக, அசையாததுபோலக் கிடந்தது. தூரத்தில் ஒரு பரிசல் கறுப்புப் புள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இனி வண்டியில ஏறமாட்டேனுங்க,” என்றார். “பயமா இருக்குது. கட்டில்ல இருந்து எறங்கவே பயமா இருக்குது. இத்தன நாளு சொல்லாம இருந்தேன். இப்ப சொல்லிட்டேன்.”

“சரிங்க,” என்றேன். அவர் என் கையைத் தட்டினார். அப்படிச் சொன்னதே அவருக்கு ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் மீன்கொத்தி ஒன்றைப் பார்த்தோம். காற்றில் ஆற்றுச் சேற்றின் வாசனை வந்தது.

“நீங்க எறங்குங்க,” என்றார் திடீரென்று. “அந்தத் தடத்துல. ஆறு வரைக்கும். நான் இங்க உக்காந்து பாக்கறேன்.”

அவர் விழுந்த தடம். ஆனாலும் வண்டியை எடுத்தேன். சோளத்தட்டைகள் இரண்டு பக்கமும் உரச இறங்கினேன். பாறை வந்தது, போனது. திருப்பத்தில் மரத்தடி என் கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு சரிவு தட்டையானது, மணல் வந்தது, சக்கரம் தானாக நின்றது. காலை ஊன்றி, திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து மரத்தடி மறுபடி தெரிந்தது.

திருப்பத்தில் நான் மறைந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தது. கைத்தடி புல்லில் கிடந்தது. மரத்தைத் தாண்டி, சரிவின் விளிம்பு வரை வந்து, எதையும் பிடிக்காமல், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

கையசைத்தால் அவரும் கையசைப்பார். உடனே, தான் நிற்பது நினைவுக்கு வந்து, தன் காலைக் குனிந்து பார்ப்பார். நான் கையசைக்கவில்லை. வண்டியைச் சாய்த்துவிட்டு, சங்கிலி கழன்றுவிட்டதுபோல அதன் பக்கத்தில் குனிந்துகொண்டு, அவர் இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று, ஒன்றுமில்லாத சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.